வெந்நீர் கேட்கும் பேய்

ஜப்பான்காரர்களுக்குப் பேய்க்கென்றே ஒரு சீசன் உண்டாம்! நமக்கு மாம்பழ சீசன் மாதிரி, ஊட்டிக்கு மே மாத சீசன் மாதிரி, அவர்களுக்கு ஆகஸ்ட் மாதம் பேய் சீசன். அங்கே கோடைப் புழுக்கம் தாங்க முடியாதாம். பேய்க் கதை கேட்டால் முதுகு சில்லிட்டுப் போகும் அல்லவா? அந்தக் குளிர்ச்சிக்காகவே கோடையில் பேய் நாடகமும் பேய்க் கதையுமாக நடத்துவார்களாம். என் ஓர்ப்படியின் மகள் யோகோஹாமாவில் குடித்தனம் நடத்துகிறாள். ஆடி மாதம் குன்னூருக்கு வந்திருந்தபோது இதைச் சொன்னாள். "இங்க நமக்கு அந்தச் செலவே இல்லைடி. சாரல்ல ஜன்னலைத் திறந்தாலே போதும், சில்லுன்னு ஆயிடும்" என்றேன்.

வாஸ்தவம்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் ஆடி, ஆவணியில் பேய்ப் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். கரண்ட் போய்விடும். தேயிலைக்கு நடுவில் நிற்கிற சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றும் வெள்ளைச் சேலை கட்டிய பொம்பளை மாதிரியே தெரியும். என் வீட்டுக்காரர் டீ ஃபாக்டரியில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர் வாசலில் வந்து தொண்டையைக் கனைத்தால்தான் எனக்கு உயிர் வரும். கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த மலையில் நான் கேட்ட பேய்க் கதைகளை எழுதினால் ஒரு நோட்டுப் புத்தகம் நிறையும்.

ஜப்பானில் ஆகஸ்ட் 13லிருந்து 16 வரை 'ஓபோன்' என்று ஒரு பண்டிகை. நம்முடைய ஆடி அமாவாசை, மஹாளயம் மாதிரிதான். செத்துப்போன பெரியவர்கள் அந்த நாட்களில் வீட்டுக்கு வருவதாக ஐதீகம். வழி தெரிய வாசலில் நெருப்பு ஏற்றுவார்களாம். அதில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? ஒரு வெள்ளரிக்காயிலும் ஒரு கத்தரிக்காயிலும் நாலு நாலு குச்சியைக் கால் மாதிரிச் செருகி வைப்பார்களாம். வெள்ளரிக்காய் குதிரை, அதில் ஏறிச் சீக்கிரம் வந்து சேர வேண்டும். கத்தரிக்காய் மாடு, திரும்பிப் போகும்போது அதில் மெதுவாகப் போக வேண்டும். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு "வந்துட்டாரு பாரு உங்க தாத்தா" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுகிற நமக்கு இது புரியாதா என்ன!

இன்னொரு சமாச்சாரம் கேளுங்கள். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். ஜப்பான் பேய்க்கும் கால் கிடையாதாம். மருயாமா ஓக்யோ என்று 18ம் நூற்றாண்டில் ஒரு ஓவியர் இருந்தார். இடுப்புக்குக் கீழே புகையாகக் கரைந்து போகிற மாதிரி அவர் வரைந்த பேய்ப் படம் அங்கே ரொம்பப் பிரசித்தம். இந்தக் கால் விஷயம் நம் நீலகிரியிலும் இருக்கிறது. 1901, 1902ல் தோடர்களோடு பழகி ரிவர்ஸ் என்ற இங்கிலீஷ்காரர் எழுதிய புத்தகம் 1906ல் வந்தது. செத்தவர்கள் மேற்கே இருக்கிற ஓர் உலகத்துக்குத் தங்கள் எருமைகளோடு போகிறார்கள் என்பது தோடர்களின் நம்பிக்கை என்று அதில் எழுதியிருக்கிறார். அங்கே நடந்து நடந்து கால் தேயுமாம். முழங்கால் வரை தேய்ந்த பிறகு அந்த உலகத்துத் தெய்வம் அவர்களை மறுபடியும் இந்த உலகத்துக்கே அனுப்பிவிடுமாம். கால் தேயத் தேய நடந்து திரும்பி வருவது! பேய் பயமே இல்லை அதில்.

ஜப்பான் பேய்க் கதைகள் உலகத்துக்கே தெரிய வந்ததும் ஒரு குடும்ப ஸ்திரீயால்தான். லஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர் 1890ல் ஜப்பானுக்குப் போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். அவர் எழுதிய 'குவைதான்' 1904ல் வெளிவந்தது. அவருடைய மனைவி செட்சு ராத்திரியில் விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு கதை சொல்வாராம். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கக் கூடாது, உன் வாயால், உன் வார்த்தையில் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்பாராம். அட்டையில் என்னவோ அவர் பெயர்தான்!

நான் சொல்ல வந்தது பேய்களில் ஏன் இவ்வளவு பேர் பொம்பளைகள் என்பது.

ஜப்பானில் பெயர் போன பேய் ஒன்று, ஓயிவா. 1825ல் அரங்கேறிய நாடகத்தில் வருகிறவள். பிள்ளை பெற்று உடம்பு தேறாமல் கிடக்கிறாள். பிரசவ மருந்து என்று சொல்லிக் கொடுத்ததைக் குடிக்கிறாள். அது விஷம். முகம் கோரமாகிச் சாகிறாள், புருஷனை விடாமல் துரத்துகிறாள். இன்னொரு பேய் 'உபுமே'. பிரசவத்தில் செத்தவள். கியோட்டோ நகரத்தில் 1599ல் நடந்ததாக ஒரு கதை சொல்கிறார்கள். ஒரு மிட்டாய்க் கடைக்கு ராத்திரி ராத்திரி ஒரு பெண் வந்து ஒரு காசு கொடுத்து மிட்டாய் வாங்கிப் போகிறாள். ஆறு நாள் இப்படியே. ஏழாம் நாள் கையில் காசு இல்லை. கடைக்காரருக்குச் சந்தேகம், பின்னாலேயே போனார். அவள் சுடுகாட்டில் மறைந்துவிட்டாள். மண்ணுக்குள்ளிருந்து குழந்தை அழுகிற சத்தம். தோண்டினால், செத்த தாயின் பக்கத்தில் உயிரோடு குழந்தை, வாயில் மிட்டாய்! பிணத்தோடு புதைக்கிற ஆறு காசையும் பால் இல்லாத குழந்தைக்காகச் செலவழித்துவிட்டாள். அந்த மிட்டாயை இன்றைக்கும் கியோட்டோவில் ஒரு கடையில் விற்கிறார்களாம்.

இதைக் கேட்டதும் என் மனசு எங்கே போயிற்று என்றால், எங்கள் ஊர்ப் பக்கத்து சுமைதாங்கிக் கல்லுக்கு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரோட்டோரத்தில் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்க வைத்திருக்கும். தலைச்சுமைக்காரர்கள் அடுத்தவர் உதவி இல்லாமல் தாங்களே சுமையை இறக்கி வைக்கத் தோதான உயரம். அதை எதற்கு நட்டார்கள்? வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக. சுமையை இறக்காமலே போனவள் அல்லவா, ஊரார் சுமையை இறக்கினால் அவள் ஆவிக்குச் சாந்தி என்று. சின்ன வயசில் அதில் ஏறி விளையாடினால் என் அம்மா அடிப்பாள். காரணம் மட்டும் சொல்ல மாட்டாள்.

இனி எங்கள் தோட்டத்துப் பேய். ஃபாக்டரி ரோட்டில் ஒரு வளைவு. அந்த வளைவில் மழை நாளில் ஒரு பெண் நிற்பாளாம். ரத்தம் கேட்பதில்லை, பூ கேட்பதில்லை. "கொஞ்சம் வெந்நீர் இருக்கா?" என்று கேட்பாளாம். அவ்வளவுதான். டிரைவர்கள் சொல்வார்கள், கொழுந்து எடுக்கிறவர்கள் சொல்வார்கள். 'வளைவுக்காரி' என்றே பெயர். எல்லோரும் பயந்துகொண்டு சொல்வார்களே ஒழிய, யார் அவள், ஏன் வெந்நீர் கேட்கிறாள் என்று யாரும் சொன்னதில்லை.

லைன் வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். 1964ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள் இல்லையா, 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று, அந்தக் கணக்கில் கப்பலேறி வந்தவர்களில் ஒருத்தர். அவர்கள் அங்கிருந்து சாமியையும் முனியையும் கூடவே கொண்டு வந்தார்கள். ஃபாக்டரிச் சக்கரத்துக்குக்கூட ரோதமுனி என்று ஒரு சாமி உண்டு அவர்களுக்கு. மிஷினில் கை போகாமல் காப்பாற்றுகிற சாமி. அந்தப் பாட்டியிடம் ஒரு நாள் கேட்டேன்.

"பாட்டி, அந்த வளைவுக்காரியை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன். உயிரோட பாத்திருக்கேன், தாயி" என்றார்.

நாற்பது வருஷத்துக்கு முந்தின கதை. தலைப்பிரசவம். குழந்தை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. ரோட்டில் மண் சரிந்து லாரி வர வழி இல்லை. கம்பளியில் தொட்டில் கட்டி நாலு ஆள் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தார்களாம். பாட்டியும் கூடப் போயிருக்கிறார். அந்த வளைவுக்கு வரும்போது அந்தப் பெண் "குளிருதுக்கா, கொஞ்சம் வெந்நீர்" என்று கேட்டிருக்கிறாள். வெந்நீருக்கு எங்கே போவது? அங்கேயே போய்விட்டது உயிர். "அவ பேரு உங்க யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்" என்று சொல்லி, வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டார். பெயரை என்னிடமும் சொல்லவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டுவதுதான் அந்தக் காலத்தில் நிறையப் பேரைக் கொண்டு போனது. இப்போது குழந்தை வெளியே வந்ததும் கர்ப்பப்பை சுருங்க ஊசி போட்டு விடுகிறார்கள். 2008லிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் தமிழ்நாட்டில் 54 தாய்மார்கள் இறக்கிறார்கள். இந்தியா முழுவதுக்கும் அது 97. ஐம்பத்து நாலும் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவனித்தீர்களா? எங்கள் மலையில் இந்த இருபது வருஷத்தில் புதிதாக ஒரு பிரசவப் பேயும் கிளம்பவில்லை! இருப்பதெல்லாம் பழைய பேய்கள்.

கலைந்துபோன கருவுக்கும் ஜப்பானில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'ஜிஸோ' என்று சின்னச் சின்னக் கல் சாமி. பிறக்காமலே போன குழந்தைக்காக அதற்குச் சிவப்புத் துணி கட்டிவிட்டு வருவார்கள் தாய்மார்கள். நம்மில் அதற்குக் கல்லும் இல்லை, அழுவதற்கு இடமும் இல்லை. இரண்டாம் நாளே அடுப்படிக்கு வந்தாக வேண்டும். தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கரு கலைந்தாலும் சட்டப்படி ஆறு வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. டாக்டர் சீட்டு வாங்கி வைத்துக் கேளுங்கள்.

பேய் யாரையும் கொன்றதாக எனக்குத் தெரியாது. பேய்ப் பயமும் சூனியப் பயமும் கொன்றிருக்கின்றன. இதே நீலகிரியில் குறும்பர்கள் மந்திரம் வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகத்தில் 1835ல் 48 குறும்பர்களைக் கொன்றதாக தர்ஸ்டன் 1909ல் வந்த தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஊரில் நோய் வந்ததற்கு 1900ல் ஒரு குறும்பர் குடும்பத்தையே தீர்த்துவிட்டார்களாம். பாறை இடுக்கில் தேன் எடுத்துக் கொடுத்த ஜனங்கள், பாவம்.

அவ்வளவு தூரம் போவானேன். எங்கள் லைனிலேயே சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண். இருபத்திரண்டு வயசு இருக்கும். குழந்தை பிறந்து பத்து நாள். மூன்று ராத்திரியாகப் பொட்டுத் தூக்கமில்லை. திடீரென்று சிரிக்கிறாள், "இது என் பிள்ளை இல்லை, மாத்திட்டாங்க" என்கிறாள், வளைவிலிருந்து யாரோ கூப்பிடுவதாக எழுந்து ஓடுகிறாள். கேட்க வேண்டுமா! "வளைவுக்காரி பிடிச்சுட்டா" என்று லைன் முழுக்கப் பேச்சு. கீழே சமவெளியிலிருந்து ஒரு பூசாரியைக் கூட்டி வந்தார்கள். வேப்பிலை அடி, மிளகாய்ப் புகை. பச்சை உடம்புக்காரி இதைத் தாங்குவாளா? மாமியாரும் நல்லவர்தான், மருமகள் மேல் உயிரானவர். அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அப்போது அந்த இலங்கைப் பாட்டி தடியை ஊன்றிக்கொண்டு வந்து வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டார். "அவ புள்ள பெத்தவளைப் புடிக்க மாட்டா. அவளே பச்சப் புள்ளைக்காரி. இது நோவு. தூக்குங்கடா ஆஸ்பத்திரிக்கு!"

வேறு யார் சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது. பேயைத் தெரிந்தவர் சொன்னதால் பூசாரியே வாயடைத்துப் போனார். வீடு வீடாகப் பார்க்க வருகிற சுகாதார நர்ஸும் வந்து சேர, 108ல் ஏற்றிக்கொண்டு போனோம். குழந்தை என் மடியில். மூன்று வாரம் சிகிச்சை, அப்புறம் சில மாதம் மாத்திரை. இன்றைக்கு அவள் கொழுந்து எடுக்கிறாள், மகன் பள்ளிக்கூடம் போகிறான். அந்த நாட்கள் அவளுக்குப் பாதிக்கு மேல் ஞாபகமே இல்லை.

ஆயிரம் பிரசவத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ இப்படி வரும் என்று டாக்டர் சொன்னார். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். தூக்கமே இல்லாமை, காதில் குரல் கேட்பது, எல்லோர் மேலும் சந்தேகம், குழந்தையைப் பற்றித் தாறுமாறான பேச்சு, இதெல்லாம் அடையாளம். ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. இருவரையும் தனியாக விடக் கூடாது. சும்மா சும்மா அழுவது, எதிலும் பிடிப்பில்லாமல் கிடப்பது வேறு. அது நம் நாட்டில் பிள்ளை பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. அதற்கும் வைத்தியம் உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸில் தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் வைத்துப் பார்க்கிற வார்டே 2009லிருந்து நடக்கிறது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழில் பேசலாம். 2001 ஆகஸ்ட் 6ம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிக் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிப் போனதை மறக்க முடியுமா? அவர்களில் எத்தனை பேரைப் 'பேய் பிடித்தது' என்று கொண்டுபோய் விட்டிருப்பார்களோ. 2017ல் வந்த சட்டப்படி மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதே குற்றம்.

அமுக்குவான் பேய் தெரியுமா உங்களுக்கு? விடியற்காலையில் முழிப்பு வந்துவிடும், கையைக் காலை அசைக்க முடியாது, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்து அமுக்குகிற மாதிரி இருக்கும், கத்தினால் சத்தம் வராது. எனக்கே இரண்டு தடவை வந்திருக்கிறது. ஜப்பானில் இதற்கு 'கனாஷிபாரி' என்று பெயர். இரும்பால் கட்டிப் போட்ட மாதிரி என்று அர்த்தமாம். அங்கே 1987ல் காலேஜ் மாணவர்களிடம் விசாரித்ததில் நூற்றுக்கு நாற்பது பேர் தங்களுக்கு வந்திருப்பதாகச் சொன்னார்களாம்! கனவு காணும்போது நாம் எழுந்து ஓடாமல் இருப்பதற்காக உடம்பு தானே தளர்ந்து கிடக்கும். அந்தத் தளர்ச்சி விலகுவதற்கு முன்னால் மூளை முழித்துக்கொண்டால் இந்தக் கூத்து. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷத்தில் போய்விடும். ராக்கண் முழிப்பவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம். நான் இப்போது ஒருக்களித்துத்தான் படுக்கிறேன்.

இன்னொரு பேய் இருக்கிறது. அது நிஜமாகவே ஆளைக் கொல்லும். குளிர் ஊர்க்காரர்கள் அவசியம் கேளுங்கள்.

அமெரிக்காவில் 1912ல் ஒரு குடும்பம் பழைய வீடு ஒன்றுக்குக் குடி போயிற்று. போன நாளிலிருந்து தலைவலி, சோர்வு. ராத்திரி மாடியில் காலடிச் சத்தம். யாரோ பின்னால் நிற்கிற மாதிரி. படுக்கையில் யாரோ அமுக்குகிற மாதிரி. குழந்தைகள் வெளுத்துப் போனார்கள், வீட்டுச் செடிகள்கூட வாடின. பேய் வீடு என்றே முடிவு கட்டிவிட்டார்கள். கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு பழுதாகி, புகை வெளியே போகாமல் அறைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. அடுப்பைச் சரி செய்தார்கள், பேய் போய்விட்டது. வில்மர் என்ற கண் டாக்டர் 1921ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் இதை எழுதினார்.

அதுதான் கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாடை கிடையாது, கண்ணும் எரியாது. பிராண வாயு ஒட்ட வேண்டிய இடத்தில் போய் ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். கரி நன்றாகக் கனிந்து புகை அடங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கிறோமே, அப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காமலே போனதைப் பேப்பரில் படித்திருக்கிறோம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால் மந்திரிக்கப் போகாதீர்கள். கதவு ஜன்னலைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டு வாருங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். பிள்ளை பெற்றவளுக்கு அனல் காட்டுகிறேன் என்று மூடின அறையில் கட்டிலுக்கடியில் நெருப்புச் சட்டி வைக்கிற வழக்கம் எங்கேயாவது மிச்சமிருந்தால், அதை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

என் நாத்தனார் பிள்ளைகள் டிசம்பர் லீவுக்கு வந்தால், "அத்தை, சினிமாவிலே மாதிரி ரூமுக்குள்ள கரி போட்டுக் குளிர் காயலாமா?" என்று நச்சரிப்பார்கள். சட்டியை வாசல் திண்ணையில் வைத்துக் கொடுப்பேன். பத்து மணி வரை உட்கார்ந்து பேசலாம், பேய்க் கதைகூடச் சொல்லலாம். படுக்கப் போகும்போது நானே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, ஆளுக்கு இரண்டு கம்பளியும் ஒரு பாட்டில் வெந்நீரும் கொடுத்து அனுப்பிவிடுவேன்.